பத்தாம் திகதிக்குப் பிறகு

சம்பளம் போட்ட அன்று பசறைக் கடைவீதியில் நின்று பாருங்கள். கடன் கொப்பிகள் மேசைக்கு வரும். பழைய பற்றை அடித்த கையோடு புதுப் பற்று எழுதப்படும். பை நிறையச் சாமானோடு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் பாதிச் சம்பளம் மிஞ்சினால் பெரிய காரியம்.

2021 இல் 1000 ரூபாவான தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 இல் 1350 ஆனது. அந்த 1350 கடைக்குப் போனதோடு முடிந்துவிடுவதில்லை. அதில் பாதி ஊருக்குள்ளேயே மறுபடி செலவானால் 675, அதிலும் பாதி 337 என்று கை மாறிக்கொண்டே போகும். நோட்டு குட்டி போடவில்லை. மாறிய ஒவ்வொரு கையிலும் அது ஒருவருடைய வருமானம். எல்லாவற்றையும் கூட்டினால் 2700. பாதிக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஊரில் தங்குமென்றால் மொத்தமே ஏறக்குறைய 1690. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ரிச்சர்ட் கான் 1931 இல் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. கெய்ன்ஸ் கையில் அது ‘பெருக்கி’ என்று பெயர் பெற்றது. கை மாறும்போது வெளியே போகும் பங்கைக் ‘கசிவு’ என்பார்கள். தகரக் கூரை லயத்தில் பிறந்தவர்களுக்கு ‘ஒழுக்கு’ என்றாலே போதும்.

ஒழுக்கு முதல் சாமானிலேயே தொடங்கிவிடுகிறது. மலைநாட்டின் காலைச் சாப்பாடு ரொட்டி. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. பருப்பும் அவுஸ்திரேலியா, கனடா என்று கப்பலில் வருகிறது. கடைக்காரருக்கு நிற்பது மெல்லிய இலாபம் மட்டும். அதே காசுக்கு வெலிமடை உருளைக்கிழங்கும் போஞ்சியும் வாங்கினால் விவசாயி, லொறிக்காரர், மூட்டை தூக்குகிறவர் என்று ஊவா மாகாணத்துக்குள்ளேயே நாலு வீட்டுக்குப் போகும். அதற்காக ரொட்டியை விட முடியுமா? மலையேறி இறங்குகிற வயிற்றுக்கு அதுதான் தாங்கும்.

முன்பு நிலைமை இதைவிட மோசம். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கங்காணிக் கடன் துண்டுச்சீட்டாகத் தொழிலாளியின் பின்னாலேயே தோட்டம் தோட்டமாகப் போனது. 1921 இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. கணக்குப் புத்தகத்தைவிட்டு இறங்காத சம்பளம் எந்தக் கடைவீதியை வளர்க்கும்?

தேயிலையின் பெரும்பணம் இன்றும் கொழும்பு ஏலத்தில்தான் புரள்கிறது. ஆடி, ஆவணியின் வறண்ட காற்றில் ஊவாக் கொழுந்துக்கு ஏறும் அந்தத் தனி மணத்துக்கு அங்கே நல்ல விலை உண்டு. மலைக்குத் திரும்பி வருவதில் முக்கியமானது நாட்சம்பளம். எல்லவுக்கு வரும் சுற்றுலாக்காரரின் பணமும் இதே கணக்குக்குள்தான்: அறையை வெளிநாட்டு இணையத்தளம் வழியாகப் பிடித்தால் தரகு அங்கேயே நின்றுவிடும், முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தது தெமோதரையில் இறங்கும்.

தீபாவளி அட்வான்ஸில் எடுக்கும் துணி பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. அதன் விலை வந்த வழியே போய்விடும். அதை லயத்திலேயே தைத்துக் கொடுக்கும் அக்காவின் கூலியோ மறுநாள் பக்கத்து வீட்டுக் கீரைக்குப் போகிறது.