திறவாக் கோப்புகளும் பாட நம்பகமும்: காயல்பட்டினத்து இலக்கியக் கணினிப்படிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பெற்ற தமிழ்க் கோப்புகள் பல இன்று திறப்பதில்லை. திறப்பினும் படிக்க இயலுவதில்லை. இச்சிக்கலின் வகைகளையும் மீட்கும் நெறியையும், அரபும் தமிழும் கலந்து வழங்கும் காயல்பட்டினத்து இலக்கியப் படிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறியாக்கம், எழுத்துரு, ஒருங்குறி, அரபுத்தமிழ், பாட வேறுபாடு

1. முன்னுரை

தாமிரபரணிக் கழிமுகத்திற்குத் தெற்கே அமைந்த காயல்பட்டினம், திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊர். அரபுத்தமிழ் வளர்ந்த ஊர்களுள் ஒன்று. அரபியின் 28 எழுத்துகளோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்து ஆக்கிய எழுத்துகளையும் கொண்டது அரபுத்தமிழ். இத்தகைய நூல்களைப் பதிப்பிப்போர்க்குப் பழைய கணினிப்படியும் ஒரு மூலமே. அது திறவாதபோது மேற்கொள்ளும் செயல்களால் பாடமே சிதையக்கூடும்.

2. திறவாமையின் வகைகள்

முதலாவது, கோப்பின் வடிவம் பற்றியது. கோப்புப்பெயரின் பின்னொட்டு மாறியிருக்கலாம். படியெடுத்தல் இடையில் நின்று அளவு குறைந்திருக்கலாம். உண்மையான வகையைக் கோப்பின் முதற் சில பைட்டுகளே காட்டும். 2007க்குப் பிந்தைய வேர்டு கோப்பு ஒரு ஜிப் பொதியே ஆதலின், அது திறவாவிடினும் பொதியை அவிழ்த்துப் பாடத்தை எடுக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, எழுத்துரு இன்மை. மூன்றாவது, குறியாக்கத்தைப் பிழையாகக் கொள்ளுதல். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகியவை தரப்படுத்தப்பட்டன; திஸ்கி, பாமினி முதலியனவும் உடன் வழங்கின. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

3. அடையாளங்காணல்

திரையில் தோன்றும் குழப்பமே சான்றாகும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தது. எழுத்துரு இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். திஸ்கி, 128 முதல் 255 வரையுள்ள இடங்களைக் கொண்டது. மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் தோன்றும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாலானது. அனைத்திற்கும் முதற் பைட்டு ஒன்றே. எனவே ஒரே ஐரோப்பிய எழுத்து மீண்டும் மீண்டும் வருமாயின், அது பிழையாகப் படிக்கப்பட்ட ஒருங்குறிக் கோப்பு எனத் துணியலாம்.

இம்மூன்றும் மீட்கத்தக்கவை. ஆனால் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்ட பாடம் மீளாது. ஆதலின் குழம்பிய கோப்பைச் சேமித்தல் ஆகாது; படியொன்று எடுத்த பின்னரே முயலவேண்டும்.

4. மாற்றத்தில் நேரும் பிழைகள்

திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கும். ஒருங்குறியோ ஒலிப்பு வரிசையில் சேமிக்கும். வரிசையை மாற்றாது குறிகளை மட்டும் பெயர்த்தால் 'தொழுகை' என்பது 'ெதாழுைக' ஆகும். இப்பிழை கண்ணுக்குப் புலப்படுவது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மட்டும் பிறழ்வது அதனினும் இடர் மிக்கது. ஓலைச்சுவடிகளில் எகர ஏகார வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. எனவே கணினிப்பிழையைச் சுவடிப்பாடமெனப் பதிப்பாசிரியர் மயங்கக்கூடும். குறில் நெடில் மாறினால் சந்தப்பாடலின் சந்தமும் கெடும்.

இருமொழிப் படியில் மற்றோர் இடருண்டு. திஸ்கித் தமிழும் பழைய எட்டுபிட்டு அரபியும் ஒரே எண்களைப் பயன்படுத்துகின்றன. ஓர் எண் தமிழா அரபியா என்பதை அதற்கு இடப்பட்ட எழுத்துருவே உணர்த்தும். வடிவமைப்பை நீக்கி வெற்றுரையாக்கினால் அவ்வேறுபாடு அழியும். மாற்றி, அரபிச் சொற்களையும் தமிழ்க் குறிகளாக்கிவிடும். ஆகவே வடிவமைப்புள்ள கோப்பிலேயே, எழுத்துரு வாரியாகப் பிரித்து மாற்றுதல் வேண்டும். அரபுத்தமிழின் தனியெழுத்துகள் கட்டங்களாகத் தோன்றினால், அவற்றை நீக்காது, அவ்வெழுத்துகளைக் கொண்ட எழுத்துருவைத் தேடி நிறுவவேண்டும்.

5. முடிவுரை

மூலக்கோப்பை மாற்றாது காத்தல், குறியாக்கத்தைக் கண்டறிதல், எழுத்துரு வாரியாக மாற்றுதல், அச்சுப்படியுடன் ஒப்புநோக்குதல் என்னும் நான்கும் முறையே செய்யத்தக்கன. எவ்வெழுத்துருவிலிருந்து எம்மாற்றியால் பாடம் பெறப்பட்டது என்பதைப் பதிப்புரையில் குறித்தலும் வேண்டும். சுவடியின் வரலாற்றைக் கூறுவது போன்றே கோப்பின் வரலாற்றைக் கூறுவதும் இனிப் பதிப்பாசிரியரின் கடமையாகும்.