பின் பிரேக் இழுக்குதா? நாமே பார்க்கலாம்!



திருப்போரூர் பக்கத்துக் குழு ஒன்றின் அக்கா, வாரம் இரண்டு தடவை ஊறுகாய், பொடி வகைகளை மகனின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிக்கும், அங்கிருந்து தி.நகருக்கும் போய்க் கடைகளில் போட்டுவிட்டு வருவார். வண்டி வாங்கின கடன் அக்கா பேரில். மாதத் தவணையும் அவர்தான் கட்டுகிறார்.

சில நாளாகப் பெட்ரோல் அதிகம் குடித்தது. வண்டி இழுக்கவே இல்லை. ஒரு பட்டறையில், "இன்ஜினை இறக்கணும், ஆறாயிரம் ஆகும்" என்றார்கள். அக்கா குழுவில் அவசரக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வாரம் சரக்கோடு போகும்போது அடையாறு தாண்டுவதற்குள் கருகின வாடை. சாலையோரம் கடை போட்டிருந்த மெக்கானிக் தம்பி பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "இன்ஜின்ல ஒண்ணும் இல்லக்கா. பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு. சமீபத்துல செயினை டைட் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம், பத்து நாள் முன்னே பண்ணியது. ஸ்பேனரால் ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். ஐந்து நிமிட வேலை. கடன் மனுவை அக்கா திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது?

பல மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்தின் நடுவில் டிரம் இருக்கும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூ. பெடலை மிதித்தால் ஒரு கம்பி பின்னால் உள்ள சிறு கையை இழுக்கும். ஷூக்கள் விரிந்து டிரம்மை உரசிப் பிடிக்கும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பழையபடி சுருக்கிவிடும். அப்படிச் சுருங்காவிட்டால் பிரேக் இழுக்கும். காரணங்கள்:

* செயினை இறுக்கும்போது பின் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும். பிரேக் கம்பி தானாகவே இறுகிவிடும். செயின் வேலை முடிந்ததும் பிரேக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
* மழைத் தண்ணீர், சேறு, கடற்காற்றில் வரும் துரு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி முங்கின வண்டியின் டிரம்மைக் கழற்றித் துடைக்காமல் ஓட்டக் கூடாது.
* ஸ்பிரிங் தளர்வது, உள்ளே கிரீஸ் காய்வது.
* ஓட்டுபவர் பெடல் மேலேயே காலை வைத்திருப்பது. பின்னால் உட்காரும் நாம் இதைக் கவனித்துச் சொல்லலாம்.

வீட்டிலேயே பார்க்கும் முறை

1. வண்டி ஓடி வந்தவுடன் டிரம்மைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். நன்றாக ஆறட்டும்.
2. சம தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் பக்கம் விரல் போகக் கூடாது. சக்கரம் சில சுற்றாவது ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடிக்கிறது.
3. ஒருவர் பெடலை அழுத்தி விடட்டும். இன்னொருவர் டிரம் மேல் உள்ள சிறு கையைப் பாருங்கள். சட்டென்று திரும்பினால் நட்டுதான் அதிக இறுக்கம். மெதுவாகத் திரும்பினாலோ, நின்றுவிட்டாலோ உள்ளே துரு அல்லது ஸ்பிரிங் கோளாறு. அது மெக்கானிக் வேலை.
4. கம்பியின் நுனியில் உள்ள நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் அரைச் சுற்று. நட்டு அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும்.
5. பெடலை அழுத்தினால் சுமார் ஒரு அங்குலம் சும்மா இறங்கி, அப்புறம் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் தளர்த்தினால் பிரேக்கே பிடிக்காது, ஆபத்து!
6. காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்குப் போங்கள். பிரேக் லைட் மிதித்தால் எரிந்து, விட்டால் அணைய வேண்டும்.

செய்யக் கூடாதவை

டிரம்முக்குள் எண்ணெய் விடாதீர்கள். ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல்; ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பின்னால் டிஸ்க் பிரேக் இருந்தால் கை வைக்க வேண்டாம். ஸ்கூட்டரில் கம்பிக்குப் பதில் கேபிள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சிசி வரையிலான பெரும்பாலான வண்டிகளில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அவற்றை மெக்கானிக்கிடமே காட்டுங்கள்.

பிரேக் இழுத்தால் பெட்ரோல் வீண், ஷூ தேயும். டிரம் சூடேறினால் அவசரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. பின்னால் குழந்தையையும் சரக்கையும் வைத்துக்கொண்டு போகும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் அதனாலும் குழுக் கடனாலும் நிறைய வண்டிகள் பெண்கள் பேருக்கு வந்திருக்கின்றன. வண்டி நம்ம பேரில், தவணை நம்ம கையில். "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கணும்?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு வண்டியைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் ஒரு தடவை சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்டறையில் செலவு சொன்னால், "சக்கரத்தைச் சுத்திக் காட்டுங்க தம்பி" என்று கேட்டுவிட்டு, அப்புறம் கடனுக்கு எழுதலாம்!