கஜானா இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை!

ஒன்றாம் தேதி என்றால் உத்தியோகஸ்தர் வீட்டில் ஒரு களை இருக்கும். மளிகைக் கடை பாக்கி, பால் கணக்கு, வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாவற்றுக்கும் அன்றுதான் விடிவு. அந்தத் தேதி வந்தும் சம்பளம் வராவிட்டால்? அதுவும் சம்பளம் தர வேண்டியவர் நொடித்துப் போன மில் முதலாளி அல்ல, உலகத்திலேயே பெரிய பணக்கார சர்க்கார் என்றால்?

அமெரிக்காவில் இது வெறும் கதையல்ல. 2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி தொடங்கி நவம்பர் 12-ந் தேதி வரை 43 நாட்கள் அந்நாட்டு மத்திய சர்க்காரின் பெரும் பகுதி மூடிக் கிடந்தது. அதுவரை நேர்ந்த மூடல்களில் அதுவே மிக நீண்டது. யுத்தம் இல்லை, பஞ்சம் இல்லை, சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்யவும் இல்லை. கஜானாவும் வற்றிவிடவில்லை. அதிலிருந்து செலவு செய்ய அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

பூட்டு விழுவது எப்படி?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. காங்கிரஸ் சட்டம் செய்து அனுமதித்தாலன்றி கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்பது அந்த விதி. காங்கிரஸ் என்றால் அங்கே ஒரு கட்சி அல்ல. பிரதிநிதிகள் சபை, செனட் சபை ஆகிய இரண்டும் சேர்ந்த பார்லிமென்டுக்கு அதுதான் பெயர். அது ஆண்டுதோறும் 12 செலவு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். அங்கே நிதியாண்டு பிறப்பது அக்டோபர் 1-ந் தேதி. அதற்குள் இந்த மசோதாக்களோ, சில வாரங்களுக்கான தற்காலிக ஏற்பாடோ நிறைவேறி, ஜனாதிபதியின் கையெழுத்தும் ஆகாவிட்டால், பணம் ஒதுக்கப்படாத இலாகாக்கள் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

விதி பழையது, பூட்டு புதியது. 1980-ம் ஆண்டுக்கு முன்பும் மசோதாக்கள் தாமதமானதுண்டு. அப்போதெல்லாம், 'இன்றில்லாவிட்டால் நாளை பணம் வந்துவிடும்' என்று ஆபீஸ்கள் சிக்கனமாக நடந்துகொண்டிருந்தன. 1980-ல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, அனுமதியில்லாமல் வேலை வாங்குவது 19-ம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றுக்கு விரோதம் என்று கருத்துத் தெரிவித்தார். உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகள் மட்டும் நடக்கலாம் என்று மறு ஆண்டு விளக்கம் சொன்னார். அன்று பிறந்ததுதான் இந்தப் பூட்டு.

அதன் பிறகு கட்சிகளுக்கு இது ஓர் ஆயுதமாகிவிட்டது. செனட்டில் 100 பேர். அங்கே பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் மட்டும் போதாது; இத்தகைய மசோதாக்கள் நகர வேண்டுமானால் நடைமுறையில் 60 பேரின் ஆதரவு வேண்டும். ஆகவே எதிர்க்கட்சி நினைத்தால் நிறுத்தி வைக்கலாம். ஜனாதிபதி நினைத்தாலும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். 1995 நவம்பரில் 5 நாட்களும், அடுத்த மாதம் தொடங்கி 1996 ஜனவரி 6 வரை 21 நாட்களும் பூட்டு விழுந்தது ஜனாதிபதி கிளின்டனுக்கும் எதிர்க்கட்சிக்கும் நடந்த பட்ஜெட் சண்டையால். 2013 அக்டோபரில் 16 நாட்கள் மூடியது ஒபாமாவின் மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டத்தின் மீதான தகராறால். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் மூடியது, மெக்ஸிகோ எல்லையில் சுவர் கட்ட டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டதால். 2025-ல் மறுபடியும் மருத்துவ இன்ஷூரன்ஸ். அதற்கான சலுகையை நீட்டிப்பதா, வேண்டாமா என்ற சண்டை.

வேலை உண்டு, சம்பளம் இல்லை

பூட்டு விழுந்ததும் சிப்பந்திகள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு சாராருக்குச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. மேஜையை ஒழுங்கு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆசைப்பட்டுக்கூட ஆபீஸ் வேலையைத் தொடக் கூடாது. மற்றொரு சாரார் 'இன்றியமையாதவர்கள்'. விமானங்களுக்கு வழி காட்டுவோர், விமான நிலையத்தில் சோதனை செய்வோர், சிறைக் காவலர்கள், எல்லைக் காவலர்கள் போன்றவர்கள். இவர்கள் வேலைக்கு வந்தாக வேண்டும். ஆனால் சம்பளம், பூட்டு திறந்த பிறகுதான்.

2018-19 மூடலில் சுமார் 8 லட்சம் பேர் சிக்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய 3,80,000 பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்; 4,20,000 பேர் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். அமெரிக்காவில் மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். 2019 ஜனவரி 11-ந் தேதி வந்த சம்பளச் சீட்டில் பலருக்குப் பூஜ்யம் இருந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகிறவர்கள், தர்ம ஸ்தாபனங்கள் இலவசமாகக் கொடுத்த மாவுக்கும் டப்பா உணவுக்கும் கியூவில் நின்றார்கள். கடலோரக் காவற்படையினருக்கும் சம்பளம் தவறியது.

'சம்பளம் தராவிட்டால் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதுதானே?' என்று தொழிற்சங்கம் பார்த்த நம்மவர்கள் கேட்கலாம். அங்கே மத்திய சர்க்கார் சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்வது சட்ட விரோதம். 1981-ல் விமானங்களுக்கு வழி காட்டுவோர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதி ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கினார். அந்தப் பாடத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் 2019 ஜனவரி 25-ந் தேதி, அதே வேலையில் இருந்த சிலர் உடல்நலமில்லை என்று வராமல் இருந்தார்கள். நியூயார்க்கின் லகார்டியா நிலையத்துக்கு விமானங்கள் வருவது சிறிது நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. 35 நாட்கள் இறங்கி வராதவர்கள் அன்றே இறங்கி வந்தார்கள். அடுத்த மாதம் நிறைவேறிய சட்டத்தில் எல்லை வேலிக்குக் கிடைத்தது 137.5 கோடி டாலர்தான்.

2025-லும் விமானங்கள்தான் நாட்டை உலுக்கின. சம்பளமில்லாத சிப்பந்திகள் குறையக் குறைய, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் போக்குவரத்தைக் குறைக்கும்படி உத்தரவாயிற்று. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின.

இத்தனைக்கும் நடுவே சட்டம் செய்யும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்பதில்லை. அவர்களுடைய சம்பளத்துக்கு ஆண்டு மசோதா தேவையில்லை.

பென்ஷன் வரும், உணவு உதவி வராது

பூட்டு என்றால் எல்லாமே நின்றுவிடுவதில்லை. முதியோருக்கான சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் நிரந்தரச் சட்டத்தின் கீழ் வருவதால் தொடர்ந்து கிடைக்கும். தபால் இலாகா தன் சொந்த வருமானத்தில் நடப்பதால் தபாலும் வரும். வரி கட்டும் கடமையும் நிற்பதில்லை.

நிற்பது எவை? 1995-96-ல் 368 தேசியப் பூங்காக்களும் நினைவிடங்களும் மூடப்பட்டன. சுமார் 2 லட்சம் பாஸ்போர்ட் மனுக்கள் தேங்கின. 2018-19-ல் பூங்காக்களைத் திறந்து வைத்தார்கள். ஆனால் பெருக்க ஆளில்லாமல் குப்பையும் கழிப்பிடங்களும் நிரம்பி வழிந்தன. சிறு தொழில்களுக்குக் கடன் மனுக்கள் அப்படியே கிடந்தன. உணவுப் பொருள் தொழிற்சாலைகளில் வழக்கமான சோதனைகள் பல நின்றன.

எல்லாவற்றிலும் கொடியது 2025 நவம்பர் 1-ந் தேதி நடந்தது. நம் ரேஷன் கார்டு போல அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு கார்டு உண்டு. மாதாமாதம் சர்க்கார் அதில் பணம் ஏற்றும். அதைக் காட்டிக் கடையில் உணவுப் பொருள் வாங்கலாம். சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர், அதாவது எட்டு அமெரிக்கர்களில் ஒருவர், அப்போது இதை நம்பி இருந்தார்கள். முந்தைய எந்த மூடலிலும் இந்த உதவி நின்றதில்லை. அந்த மாதம் நின்றது. வழக்குகள் கோர்ட்டுக்குப் போயின. சில மாநிலங்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டுச் சமாளித்தன. மற்ற இடங்களில் ஜனங்கள் காலிக் கார்டுடன் காத்திருந்தார்கள். கடன்காரனைப் 'பொறு' என்று சொல்லலாம். குழந்தையின் பசியிடம் சொல்ல முடியுமா?

மாதுங்கா வரை எட்டிய சங்கடம்

வாஷிங்டனில் விழும் பூட்டின் சாவிக்காக மாதுங்காவிலும் செம்பூரிலும் சிலர் காத்திருக்க நேர்கிறது. மகனோ மகளோ அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக வேண்டுமானால் 'எச்-1பி' விசா வேண்டும். அதற்கு மனுச் செய்யுமுன், வேலை தரும் கம்பெனி அந்நாட்டுத் தொழிலாளர் இலாகாவில் ஒரு சான்று பெற வேண்டும். 2013-லும் 2025 அக்டோபரிலும் அந்த இலாகாவில் சான்று வழங்குவது நின்றுபோயிற்று. விசா வேலை பெரும்பாலும் மனுதாரர் கட்டும் கட்டணத்தில் நடப்பதால் அது தொடர்ந்தது. முதல் காகிதம்தான் கிடைக்கவில்லை. கம்பெனி மாற இருந்தவர்களும் புதிதாகப் போக இருந்தவர்களும் தவித்தார்கள்.

இந்தியாவில் ஏன் இல்லை?

பார்லிமென்ட் அனுமதியில்லாமல் கஜானாவைத் தொடக் கூடாது என்ற விதி இந்திய அரசியல் சட்டத்திலும் உண்டு. 114-வது ஷரத்து அதைத்தான் சொல்கிறது. ஆனால் 116-வது ஷரத்து ஒரு மாற்று வழியும் வைத்திருக்கிறது. முழு பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால், சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டி அனுமதி பெறலாம். தேர்தல் ஆண்டுகளில் பத்திரிகைகளில் அடிபடும் இடைக்கால ஏற்பாடு இதுதான்.

அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பண விஷயத்தில் இங்கே லோக்சபையின் முடிவே முடிவு. ராஜ்யசபை பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. லோக்சபையிலேயே பட்ஜெட் தோற்றால், மந்திரிசபை ராஜிநாமா செய்தாக வேண்டும், ஆபீஸ்கள் மூடுவதில்லை. அமெரிக்காவிலோ செலவு மசோதா விழுந்தாலும் ஜனாதிபதியின் நாற்காலி ஆடாது. அவருக்கு 4 ஆண்டு நிச்சயம். வீழ வேண்டிய மந்திரிசபை இல்லாததால், குமாஸ்தாவின் சம்பளம் வீழ்கிறது.

2016 மார்ச்சில் உத்தரகண்டில் அரசியல் குழப்பம் ஏற்பட்டு பட்ஜெட் தகராறில் சிக்கியது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 பிறக்குமுன் ஓர் அவசரச் சட்டத்தால் அம்மாநிலச் செலவுக்கு அனுமதி தரப்பட்டது. அரசியல் சண்டை கோர்ட்டு வரை போயிற்று. கஜானாவுக்குப் பூட்டு விழவில்லை.

திரும்பாத கூலி

பூட்டுத் திறந்த பிறகு கணக்குப் பார்ப்பார்கள். 2018-19 மூடலால் நாட்டின் பொருளாதாரத்துக்கு 1,100 கோடி டாலர் நஷ்டம் என்றும், அதில் 300 கோடி ஒருபோதும் திரும்பாது என்றும் காங்கிரசின் சொந்த பட்ஜெட் ஆபீஸே மதிப்பிட்டது. சிப்பந்திகளுக்கு 2019-ல் ஒரு சட்டம் வந்தது. வீட்டில் இருந்தவர்களானாலும், வேலை செய்தவர்களானாலும் மூடிய நாட்களுக்கான சம்பளம் பாக்கியில்லாமல் தரப்பட வேண்டும் என்பது அது. நல்ல சட்டம்தான்.

ஆனால் அந்தச் சட்டத்தின் நிழல் படாத ஒரு கூட்டம் உண்டு. சர்க்கார் கட்டிடங்களைக் கூட்டி மெழுகுகிறவர், வாசலில் காவல் நிற்கிறவர், கான்டீனில் தட்டுக் கழுவுகிறவர் ஆகியோரில் பலர் காண்டிராக்டர் வழியாக வந்தவர்கள். கட்டிடம் மூடினால் இவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. கட்டிடம் திறந்த பிறகு மேல்மாடி அதிகாரிக்கு மொத்தமாகப் பாக்கிச் சம்பளம் வரும். அவர் அறையைப் பெருக்குகிற பெண்ணுக்கு வராது. இவர்களுக்கும் பாக்கி தர வேண்டும் என்று மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன, அவை சட்டமாகவில்லை.

மாதச் சம்பளக்காரருக்கு அது தாமதம். தினக் கூலிக்காரருக்கு அது நஷ்டம். இந்த வித்தியாசத்தை மும்பைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வாசல் வழியாக வேலைக்கு நுழைந்தாலும், நிரந்தரத் தொழிலாளி யார், காண்டிராக்டு ஆள் யார் என்பது ஆலை மூடும் நாளில்தான் தெரியும். சட்டசபைகள் சண்டை போட்டுக்கொள்ளலாம். அது ஜனநாயகத்தின் உரிமை. ஆனால் 43 நாட்கள் கழித்துக் கையெழுத்தாகும் காகிதம் முதல் நாளே கையெழுத்தாகியிருந்தால், அந்தப் பெண்ணின் வீட்டில் 43 நாட்களும் அடுப்பு எரிந்திருக்கும்.