‘அங்கிள்’ யார்?

சித்தூர்த் தமிழர் வீட்டில் தாய்மாமன் ‘மாமா’; திருப்பதித் தெலுங்கர் ‘மேனமாமா’ என்பர். தந்தையின் தம்பியோ நமக்குச் சிற்றப்பா, அவர்களுக்குப் பாபாயி. பெயர் வேறானால் முறையும் வேறு: மாமன் மகள் முறைப்பெண், சிற்றப்பன் மகள் தங்கையன்றோ!

ஆங்கில ‘அங்கிள்’ இருவரையும் ஒன்றாக்குகிறது. ஆனால் அதன் மூலமான இலத்தீன் ‘அவுங்குலுஸ்’ தாய்மாமனை மட்டுமே குறித்தது. ‘சிறு பாட்டன்’ என்பது அதன் சொற்பொருள். தந்தையுடன் பிறந்தவனுக்குப் ‘பத்ருவுஸ்’ என்ற தனிப்பெயர் இருந்தது. பழைய ஆங்கிலத்திலும் ‘ஏயம்’, ‘ஃபேடெரா’ என இரு சொற்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சு வழி வந்த ‘அங்கிள்’ இரண்டையும் விழுங்கிற்று.

சென்ற விடுமுறையில் என் அக்காள் மகன் என்னை ‘அங்கிள்’ என்றான். தாய்மாமன் உரிமையே பறிபோனதுபோல் சுருக்கென்றது. கோபிக்கவும் வழியில்லை, இலத்தீன்படி அவன் அழைத்தது சரிதான்!