கறுப்பு வெள்ளைப் படமும் கடைக்காரர் நாணயமும்

நமது சங்க உறுப்பினர்களில் ஸ்டூடியோ நடத்துவோரும், பிரேம் கடை வைத்திருப்போரும், ஜெராக்ஸோடு சேர்த்து போட்டோ பிரிண்டும் போட்டுத் தருவோரும் கணிசமாக உள்ளனர். போட்டோ பேப்பரும் மையும் மொத்த விற்பனை செய்யும் எங்களிடம் இவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் ஒன்று உண்டு. "கலர் படம் பளிச்சென்று வருகிறது, கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் பச்சையடிக்கிறது, சில சமயம் ஊதாவடிக்கிறது. பேப்பரில் கோளாறா, மையில் கோளாறா?" என்பதே அது. கடையில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் இங்கே விவரமாக எழுதுகிறோம்.

கறுப்பு வெள்ளைப் படம் கேட்டு நம் கடைக்கு வருகிறவர் யார் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் மாட்ட வேண்டும் என்று வருகிறவர். கையில் இருப்பது மூலை மடிந்த ஒரே ஒரு பழைய படம். நாம் போட்டுத் தரும் பிரிண்ட் கூடத்துச் சுவரில் மாலையோடும் சிறு விளக்கோடும் வருடக்கணக்கில் தொங்க வேண்டியது. அடுத்த திவசத்துக்குள் முகம் வெளிறிப் போனால், அந்த வீட்டார் பிரிண்டர் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டார்கள். நம் கடையின் பெயரைத்தான் சொல்வார்கள்.

வெள்ளி போய் மை வந்தது

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் கறுப்பு, நுண்ணிய வெள்ளித் துகள். இருட்டறையில் ஹைப்போவில் போட்டு நன்றாக அலசி எடுத்த படம் தாத்தா காலத்திலிருந்து இன்றும் தெளிவாக இருப்பதைப் பார்க்கிறோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' முத்திரையில் சரக்கு அனுப்பிய காலம் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. கோடக் நிறுவனம் கறுப்பு வெள்ளைப் பேப்பர் தயாரிப்பை நிறுத்துவதாக 2005இல் அறிவித்தது. அதே 2005இல் எப்சன் நிறுவனம் கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என மூன்று கறுப்பு மைகள் வைத்த போட்டோ பிரிண்டரை வெளியிட்டது. ஒரு கதவு மூடியபோது மறு கதவு திறந்தது எனலாம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பது அந்த வகை பிரிண்டர் அல்ல. தொல்லை தொடங்குவது இங்கேதான்.

பச்சை ஏன் வருகிறது

சாதாரணக் கலர் பிரிண்டரில் சாம்பல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் அளவாகக் கலந்துதான் அது சாம்பலைக் காட்டுகிறது. மூன்றில் ஒன்று இம்மி கூடினாலும் குறைந்தாலும் சாம்பல் நிறம் சாய்ந்துவிடும். பட்டுப் புடவையின் நிறம் சற்று மாறினால் கண்ணுக்குத் தெரியாது. சாம்பலில் சிறு சாயல் வந்தாலும் கண் உடனே பிடித்துவிடும்.

நான்கு பாட்டில் ஆபீஸ் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மை சாதாரணத் தாளுக்கென்றே செய்யப்பட்டது. கிளாஸி பேப்பரில் அது ஒட்டாது என்பதால், அந்தப் பேப்பரில் கறுப்பைக்கூட மூன்று நிறங்களைக் கலந்தே அந்த பிரிண்டர் போடும். ஆறு பாட்டில் போட்டோ பிரிண்டர் இதைவிட மேல். சாம்பல் மைக்கென்று தனி இடம் வைத்த பிரிண்டர் அதற்கும் மேல்.

வெளிச்சமும் ஒரு காரணம். பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவர், வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த படத்தோடு எங்களிடம் வந்தார். கடை விளக்கில் பார்த்தோம், குறை தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தோம், பாசி படிந்தது போலிருந்தது. மைக்கலவை ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆகவே ஒரு பிரிண்டை விளக்கிலும் பார்த்து, வாசல் வெளிச்சத்திலும் பார்த்த பிறகே பிரேமுக்கு அனுப்ப வேண்டும்.

சாய மையும் துகள் மையும்

விற்கிற மையில் இரண்டு ஜாதி உண்டு. தண்ணீரில் கரைந்த சாயம் ஒன்று. இதை டை மை என்பார்கள். கரையாத நுண்துகள் மற்றொன்று. இது பிக்மெண்ட் மை. சாய மை பளபளப்பானது, விலையும் குறைவு. ஆனால் வெயிலுக்கும், காற்றிலுள்ள ஓசோன் வாயுவுக்கும் விரைவில் தோற்றுவிடும். சட்டென்று உலரும் கிளாஸி பேப்பரின் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளதால், காற்று எளிதில் உள்ளே போய்ச் சாயத்தைத் தாக்குகிறது. மூன்று நிறங்களும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. அதனால்தான் முகம் ஒரு நிறமாகத் திரும்புகிறது.

துகள் மை நெடுநாள் தாங்கும். அதிலுள்ள கறுப்பு, கரித்துகளால் ஆனது. ஓலைச்சுவடியில் எழுத்து தெரிய விளக்குக்கரி தடவினார்கள் அல்லவா? இதுவும் அந்த இனமே. அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர், பிரிண்டரின் கலர் மைகளையெல்லாம் எடுத்துவிட்டு, அடர்ந்ததிலிருந்து வெளிர்ந்தது வரை கறுப்பு மைகளையே நிரப்பிப் படம் போடும் முறையைக் கொண்டுவந்தார். நம் கடைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தத்துவம் மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

கையிலுள்ள பிரிண்டரிலேயே செய்யக்கூடியவை

1. பழைய படத்தைக் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறையும் மஞ்சளும் தனித்துத் தெரிவதால் திருத்துவது எளிது. அதன்பின் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.

2. கம்ப்யூட்டரில் பேப்பர் வகையைச் சரியாகக் குறியுங்கள். எவ்வளவு மை விட வேண்டும் என்பதை பிரிண்டர் அதை வைத்தே முடிவு செய்கிறது.

3. கறுப்பு மை மட்டும் கொண்டு போடும் வசதி இருந்தால் மேட் பேப்பரில் போட்டுப் பாருங்கள். வெளிர்ந்த இடங்களில் புள்ளி சற்றுத் தெரியலாம். ஆனால் பச்சை, ஊதா எட்டிப் பார்க்காது.

4. ஒரே டேங்க்கில் இரண்டு கம்பெனி மையைக் கலக்காதீர்கள். சாய மைக்கான பிரிண்டரில் துகள் மையை ஊற்றாதீர்கள்; ஹெட் அடைத்துக்கொள்ளும். வேறு கம்பெனி மைதான் கட்டுப்படியாகும் என்றால், அந்த மைக்கும் பேப்பருக்கும் ஏற்ற புரொஃபைல் செய்து வைத்துக்கொள்வது அவசியம்.

5. ஒரு நாளாவது உலரவிட்ட பிறகு பிரேம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை கொடுங்கள். கண்ணாடி காற்றைத் தடுத்து ஆயுளைக் கூட்டும். ஒட்டிக்கொண்டால் படத்தையே கெடுக்கும்.

6. பிரித்த பேப்பர் கட்டை உறையில் போட்டு மூடி வையுங்கள். மழைக்காலத்து ஈரம் படத்தில் தெரியும்.

விலையும் ரசீதும்

கறுப்பு வெள்ளைதானே என்று கலரைவிடக் குறைத்து விலை சொல்லும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. உண்மையில் வேலை இதில்தான் அதிகம். இரண்டு விலை வைப்பதே முறை என்பது எங்கள் கருத்து. சாய மையில் சாதாரண பிரிண்ட் ஒரு விலை. துகள் மையில் நல்ல பேப்பரில் போடுவது ஒரு விலை. நம்மிடம் அந்த பிரிண்டர் இல்லாவிட்டால், உள்ளவரிடம் போட்டு வாங்கிக் கொடுத்து நியாயமான லாபம் வைத்துக்கொள்ளலாம். எந்த மை, எந்தப் பேப்பர் என்று ரசீதில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். சாய மைப் படத்தை "நூறு வருடம் இருக்கும்" என்று சொல்லி விற்பது, கலப்படப் பருப்பைத் தரம் என்று விற்பதற்குச் சமம்.

இன்னொன்று. வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய படத்தை உறையில் போட்டு, கையில் திருப்பிக் கொடுத்து, "இதைப் பத்திரமாக வையுங்கள், இதுதான் அசல்" என்று சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பதிவையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள். சுவரில் உள்ளது வெளிறினாலும் மறு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் அந்த வீட்டுக்கு இருக்கும். மறு பிரிண்ட் தேவைப்படும் நாளில் அவர் தேடி வருவதும் நம் கடையாகவே இருக்கும்.