கடல்கொண்ட நாடு: ஏட்டுக் கணக்கும் அளந்த கணக்கும்

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அப்படி ஆராய்ச்சிக்கு இடம் தந்த இந்நாட்டில், பழைய தமிழ்ச் சங்கங்கள் இருந்ததாகவும் கடல்கொண்டதாகவும் சொல்லப்படும் குமரிக்கண்டம் இன்றும் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம் மேடைகளில் பேசப்படுகிறது. அதன் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்.

ஏட்டுக் கணக்கு (இறையனார் களவியல் உரை)

- முதற்சங்கம்: 4,449 புலவர், 4,440 ஆண்டு, 89 அரசர்
- இடைச்சங்கம்: 3,700 புலவர், 3,700 ஆண்டு, 59 அரசர்
- கடைச்சங்கம்: 449 புலவர், 1,850 ஆண்டு, 49 அரசர்
- மொத்தம்: 8,598 புலவர், 9,990 ஆண்டு, 197 அரசர்

மூன்று சங்கங்களின் ஆண்டுகளும் 37ஆல் மீதமின்றி வகுபடுகின்றன. இடைச்சங்க அரசர் ஒவ்வொருவரும் சராசரியாக 63 ஆண்டு ஆண்டிருக்க வேண்டும். இவை எண்ணி எழுதியவை அல்ல, அமைத்து எழுதியவை.

கடல்கொண்ட நிலம் 49 நாடுகள், 700 காவதம் என்கிறார் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். காவதத்தைப் பத்து மைல் என்று கொண்டால் 7,000 மைல், ஏறத்தாழ 11,260 கி.மீ. குமரிமுனையிலிருந்து தென்துருவமே சுமார் 10,900 கி.மீ.தான்.

அயலார் கணக்கு

பிரிட்டனிலும் இப்படிக் கடல்கொண்ட நிலக் கதைகள் உண்டு. வேல்ஸ் கடற்கரைக் கதையில் மூழ்கியவை 16 நகரங்கள். கார்ன்வால் மக்களின் லயனெஸ் கதையில் 140 தேவாலயங்கள். ஆனால் வேல்ஸின் போர்த் கடற்கரையில் அலை வடியும்போது 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மர அடிக்கட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கதையின் எண் பெருகியிருக்கலாம். நிலம் மூழ்கியது மெய்.

அளந்த கணக்கு

- காலம்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்
- கடல்மட்டம்: இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வு
- கிள்ளான் கரைக்கு எதிரே மலாக்கா நீரிணை: சில இடங்களில் 30 மீட்டர் ஆழம்கூட இல்லை

ஆக, அன்று அது தரை. மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலம். கடல்கொண்ட நாட்டைத் தேடித் தெற்கே போக வேண்டாம். கிள்ளான் துறைமுகத்தில் நின்று மேற்கே பார்த்தாலே போதும்.

செலவுக் கணக்கு

2021 டிசம்பரில் தொடங்கிய வெள்ளத்தில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்றது மலேசியப் புள்ளிவிவரத் துறை. அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 310 கோடி. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி உயிர் தப்பியவர்களில் நம்மவரும் உண்டு. அது கடல்கோள் அல்ல, மழையும் ஆறும் செய்தது. ஆனால் தாழ்ந்த நிலத்தின் விலை அதில் தெரிந்தது.

சங்கக் கதையைப் பிள்ளைகளுக்கு இலக்கியமாகச் சொல்லுங்கள், அளந்த கணக்கை அறிவியலாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். கிள்ளான் பக்கம் வீடு வாங்குவதாயிருந்தால், முன்பணம் கட்டுமுன் அந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.