பிள்ளையின் இமை ஏன் வீங்குகிறது?

பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும், கண்ணைத் திறந்து பார்க்காதா என்று எல்லோரும் குனிகிறோம். இமை இரண்டும் உப்பிப்போய் நடுவில் ஒரு கோடு மட்டுமே தெரியும். பிறப்புப் பாதையில் முகம் அழுந்தியதால் சேர்ந்த நீர் அது. சில நாளில் தானே வடிந்துவிடும்.

உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். அடியில் இருப்பது தளர்வான திசு. நீர் கொஞ்சம் மிகுந்தாலும் அங்கே வந்து தேங்கிக்கொள்ளும். நெற்றியில் கொசு கடித்தால்கூட, விடிந்ததும் பிள்ளையின் இமை பந்தாக வீங்கியிருப்பது அதனால்தான். அரிப்பு இருக்கும், காய்ச்சல் இருக்காது.

இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று தொடங்கலாம். பிள்ளை அழாமலே ஒரு கண்ணில் நீர் வழியும். காலையில் பீளை காய்ந்து இமைமயிர் ஒட்டிக்கொள்ளும். இமை லேசாக உப்பும். கண்ணின் மூக்கோரத்திலிருந்து மூக்குக்குள் இறங்கும் கண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. அழும்போது நமக்கு மூக்கொழுகுவது அதன் வழியாகத்தான். அதன் கீழ்வாயை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு சில பிள்ளைகளுக்குப் பிறந்த பிறகும் திறப்பதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். மூக்கோரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்திக் கீழ்நோக்கி நீவினால், உள்ளே தேங்கிய நீரே சவ்வைத் தள்ளித் திறக்கும். 1923-இல் கிரிக்லர் என்ற மருத்துவர் எழுதிவைத்த முறை இது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, மருத்துவர் செய்து காட்டிய பிறகே செய்யுங்கள். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சவோ மை தீட்டவோ வேண்டாம் என்று பாட்டிமாரிடம் பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். சில கண்மைகளில் ஈயம் கலந்திருக்கிறது.

முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழாகக் கொட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமி கருவிழியையே அரித்துவிடக்கூடும். இதைத் தடுக்கத்தான் 1880-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற மருத்துவர், பிறந்த பிள்ளைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். பல பிள்ளைகளின் பார்வையைக் காத்த அந்தச் சொட்டே இமையை எரிச்சலூட்டி வீங்கவும் வைத்தது. பிற்காலத்தில் பல இடங்களில் ஆன்டிபயாடிக் களிம்பு அதன் இடத்தைப் பிடித்தது.

எந்த மாதத்திலும் ஒரு கண் மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். கண் பிதுங்கினால் தொற்று விழிக்குப் பின்னால் போயிருக்கலாம்.

அவ்வளவாகக் கண்ணில் படாதது சிறுநீரகக் கோளாறு. ஒரு வயது தாண்டிய பிள்ளைகளிடமே இது அதிகம். வலியும் சிவப்பும் இராது. காலையில் இரண்டு இமையும் உப்பியிருக்கும். பிள்ளை எழுந்து நடமாடியதும் நீர் கீழே இறங்கி, மாலையில் கணுக்காலில் சாக்ஸ் விளிம்பு பதிந்த தடம் ஆழமாகத் தெரியும். தூக்கம் போதவில்லை, சளி பிடித்திருக்கிறது என்று நாள்கள் ஓடிவிடும். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க, ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.